வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்பு

நாகமலை புதுக்கோட்டை
6.7.1979

அன்புத் தங்கை முத்துத்தாய்க்கு,

அண்ணன் நல்லகாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சிம்மக்கல்லில் மாப்பிள்ளையும் மருமகன் விருமாண்டியும் சுகந்தானே? பஸ் ஏறினால் வந்துவிடலாம், ஆனாலும் உனக்கு எங்கள் நினைப்பே வருவதில்லை.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைமையாசிரியரை நச்சரித்து, பத்தாம் வகுப்புக்குத் தத்துவம் சொல்லித்தர வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடை வாங்கிவிட்டேன். புத்தகம் கிடையாது, பரீட்சையும் கிடையாது. கணக்கும் பூகோளமும் சொல்லித்தருகிறோம். ஒரு காரியம் ஏன் சரி, ஏன் தப்பு என்று யோசிக்க எந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தந்தோம்? "காலங்காலமாகச் செய்வதால் ஒன்று சரியாகிவிடுமா?" என்று இன்று கேட்டேன். ஒரே கூச்சல். நம் சோலையம்மாள் மட்டும் வாயே திறக்கவில்லை. என் மகள் மக்கோ என்று பயமாக இருக்கிறது.

ஆவணியில் சோலைக்குப் பூ வைக்க வாருங்கள். கல்யாணம் படிப்பு முடிந்த பிறகு. உன் மகன் இருக்க வேறு யாருக்குக் கொடுப்பேன்?

அன்பு அண்ணன்
நல்லகாமன்


சிம்மக்கல்
3.9.1979

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க மனசில்லை.

நேற்று தட்டும் பூவுமாக எவ்வளவு ஆசையோடு வந்தேன்! தலையில் பூ வைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருங்க அத்தை, என்னைய யாராச்சும் கேட்டீங்களா?" என்கிறாள் உன் மகள். என் நாத்தனார், கொழுந்தன் அத்தனை பேர் முன்னாலும். "காலங்காலமா உள்ள மொறைடீ" என்றேன். "அதுனால சரியாயிருமா?" என்றாள். இவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதுகூடப் போகட்டும். நீ சிரித்தாய், அண்ணே. நான் பார்த்தேன். உன் தங்கை முகத்தில் கரி பூசியதில் அப்படி என்ன பெருமை உனக்கு?

அந்த வகுப்பை நிறுத்து. சோலையைக் கூட்டிவந்து இவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல். இல்லாவிட்டால் எனக்குப் பிறந்த வீடு இல்லை.

முத்துத்தாய்


நாகமலை புதுக்கோட்டை
12.9.1979

அன்புத் தங்கைக்கு,

சிரித்தது உண்மை. எனக்குள் இருக்கும் வாத்தியார் சிரித்துவிட்டான், அப்பன் பயந்துவிட்டான்.

வகுப்பை நிறுத்திவிட்டேன். பரீட்சை வருகிறது என்று பிள்ளைகளிடம் சாக்குச் சொன்னேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்கும் தெருவுக்குமாக நடக்கிறேன். உன் மதினி திட்டுகிறாள். "கேட்டது தப்பாப்பா, கேட்ட எடம் தப்பா?" என்கிறாள் சோலை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

எனக்கு இருப்பது ஒரே தங்கை. புரட்டாசி பிறந்ததும் அவளைக் கூட்டி வருகிறேன். மன்னிப்புக் கேட்க வைக்கிறேன்.

நல்லகாமன்


சிம்மக்கல்
15.9.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

சோலையைக் கூட்டி வராதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

இவர் கோபம் ஆறவில்லை. உன் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். விருமாண்டிக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள். தீபாவளிக்கு நான் வர முடியாது, சீர் கொண்டுவந்து அவமானப்படாதே.

வகுப்பை மட்டும் திரும்ப நடத்து. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. அவள் கேட்டது உள்ளே கிடந்து குடைகிறது. எனக்குப் பூ வைத்தபோது நீ காலேஜில் இந்தத் தத்துவந்தான் படித்துக்கொண்டிருந்தாய். லீவு போட்டு வந்தாய், பந்தியில் பரிமாறினாய், மறுநாள் பஸ் ஏறிப் போய்விட்டாய்.

கேட்டிருந்தாலும் இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லியிருப்பேன். ஆனாலும் நீயாவது என்னைக் கேட்டிருக்கலாம், அண்ணே.

தங்கை
முத்துத்தாய்