ஆலயத்துக்குள் வராத பெட்டி

அக்கா, உங்கள் பெட்டியை ஆலயத்துக்குள் கொண்டுவர விடவில்லை. அதைத்தான் முதலில் எழுதுகிறேன். உங்கள் அடக்கத்துக்கு மறுநாள், நம் திகாம் பத்து ஊர் ஆலயத்தில் சபைச் செயலாளரின் மகளுக்குக் கல்யாணம். "பூவெல்லாம் கட்டியாச்சு, பொணம் உள்ள வந்தா நல்லா இருக்காதுலா" என்று அவர் உங்கள் மகனிடம் சொன்னார். சாவு வீட்டுக்குப் போனவர்கள் கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். மூன்று தலைமுறையாக ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு இன்னும் சாவுத் தீட்டு! வீட்டு வாசலில் கூடாரம் போட்டு ஜெபித்து, அங்கிருந்தே உங்களைக் கல்லறைக்கு எடுத்துப்போனோம். நாற்காலிகள் பாதி காலியாகக் கிடந்தன.

இப்போது என் அடுப்பில் இஞ்சி தட்டிப் போட்ட, பாலில்லாத கோப்பி ஓ கொதிக்கிறது. இன்று காலை அதே செயலாளரின் அம்மா இறந்துவிட்டார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று முதல் ஆளாகக் கோப்பி கொண்டுபோவது எப்போதும் நீங்கள்தான். இந்த வேலையை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. ஒப்படைத்திருந்தால் முடியாது என்றிருப்பேன்.

செமிலிங் ஊரில் நடந்த அந்தக் கல்யாணம் நினைவிருக்கிறதா? தாலித் தட்டை எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்கக் கொண்டுவந்தார்கள். நீங்கள் விதவை என்பதால், நீட்டிய உங்கள் கையைத் தட்டு தாண்டிப்போனது. சில மாதங்களில் மணப்பெண்ணின் அப்பா இறந்தார். நீங்கள் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"வெக்கமே இல்லையாக்கா உங்களுக்கு? கைய நீட்டிக்கிட்டு நின்னத மறந்துட்டீங்களா?"

"மறக்கலடி. கோவம் எங்க ஓடிப்போவுது, நாளைக்கும் இருக்கும். செத்தவர நாளைக்குப் பாக்க முடியுமா? சீனிய எடு."

"அழறதுக்கு மட்டும் நாம வேணுமா அவங்களுக்கு?"

"இவ ஒருத்தி! அழற வீட்டுக்கு எவ வேணும்னாலும் போவா. அந்தக் கல்யாணப் புள்ளைக்குக் கொழந்த பொறக்கட்டும், சிரிச்ச மூஞ்சோட வா பாப்போம். அப்ப தெரியும் நீ கிறிஸ்தவளா இல்லையான்னு."

குழந்தை பிறந்தது. சட்டை தைத்து எடுத்துக்கொண்டு நீங்கள் போனீர்கள். நான் வரவில்லை. அது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. நீங்களோ அந்த வீட்டுப் பலகாரத்தை எனக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, "நல்லா இருக்குடி, தின்னு" என்றீர்கள்.

இன்றைக்குப் போகிறேன், அக்கா. மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்த அம்மாவின் பெட்டி நாளை ஆலயத்துக்குள் வரும். வரத்தான் வேண்டும். அடக்கம் முடியும்வரை உங்கள் பெட்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். செயலாளரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அதற்குப் பிறகு, செயலாளர் உங்கள் மகன் வீட்டுப் படியேறி, வாய் திறந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். எந்தக் கல்யாணம் இருந்தாலும் எந்தப் பெட்டிக்கும் கதவு திறக்கும் என்று பாஸ்டர் சபை நடுவில் நின்று சொல்ல வேண்டும். செயலாளரின் மகள், புருசனோடு உங்கள் கல்லறைக்கு வந்து ஒரு மாலை வைக்க வேண்டும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, நன்றாக வாழட்டும். இதெல்லாம் நடக்கும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது நான்.