மீன் தெரு, பதினொன்றாம் எண்

ஹேல்மவுத்,
8 மார்ச் 1953

அன்புள்ள எட்வின்,

கவென்ட்ரியில் வீடு கிடைத்ததும், குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருவதும் சந்தோஷம். ஜூடித்துக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஆனாலும் காற்று அடிக்கும்போதெல்லாம் எழுந்துபோய், தொட்டிலில் கை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். ஜனவரி வெள்ளத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். நான் பயமில்லாதவள் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

சாமான்களோடு வாசல் கதவையும் கழற்றி ரயிலில் அனுப்பச் சொல்கிறாய். முடியாது. இந்த ஊர் வழக்கத்தை எனக்குச் சொன்னவனே நீதான். கடல் ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், உள்ளே தள்ளி இன்னொரு தெரு. அதே பெயர், அதே எண், அதே கதவு. முதல் மீன் தெருவிலிருந்து ஐஸ்லாந்து வரை மீன் பிடிக்கப் போனார்கள் என்றாய். இப்போது அது அலைக்கடியில். நாம் இருப்பது நான்காவது. கல்யாணமாகி வந்த அன்று, "குனிஞ்சு வா மியூரியல், இது குள்ளங்க காலத்துக் கதவு" என்று சிரித்தாயே. கதவு ஊரை விட்டுப் போனால் அந்த எண்ணும் போய்விடும் என்றும் சொன்னாய்.

வெள்ளம் உடைத்த கடல் சுவரை அரசாங்கம் திரும்பக் கட்டப் போவதில்லையாம். ஆளுக்கொரு ஊரில் வீடு கொடுத்துப் பிரித்து அனுப்பிவிடுவார்களாம். அதைப் பற்றி அடுத்த மாதம் ஊர் மண்டபத்தில் விசாரணை. "நீதானம்மா காலேஜ் படிச்சவ" என்று ஊர் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உன்,
மியூரியல்

கவென்ட்ரி,
14 மார்ச்

மியூரியல்,

அது என் அப்பாவின் கதவு. வெள்ளம் உள்ளே வராமல் அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நின்றுதான் அவர் செத்தார். நீ வெளியூரிலிருந்து டீச்சர் வேலைக்கு வந்தவள். உனக்கு அந்த ஊர் ஒரு பாடப் புத்தகம். எனக்கு அப்படியில்லை. அப்பாவை எடுத்த கடலுக்கு மகளையும் கொடுக்க மாட்டேன்.

மே முதல் தேதிக்குள் ஜூடித்தோடு வந்துவிடு. ஆணியில் தொங்கும் என் கம்பளிக் கோட்டையும் கொண்டு வா. இங்கே குளிர்கிறது.

எட்வின்

ஹேல்மவுத்,
22 ஏப்ரல்

அன்புள்ள எட்வின்,

நேற்று விசாரணை. லண்டன் அதிகாரி நான் எழுதிய வரலாற்றை முதல் பக்கத்துக்கு மேல் புரட்டவில்லை. "நூறு வருஷத்துக்கு மேல பழசா ஒரு கட்டடம்கூட இங்க இல்லையேம்மா. எதைக் காப்பாத்தச் சொல்றீங்க?" என்றார்.

மீனைப் புகையில் வாட்டிப் பதப்படுத்தி விற்கும் டோரா எழுந்தாள். "பழசு கேக்குறாருடா. போய்க் கொண்டாங்க!"

மண்டபமே காலியானது. வீட்டுக்கு வீடு கதவைக் கழற்றினார்கள். நம்முடையதை நானும் உன் தம்பி ரெஜியும் தூக்கினோம். ஜூடித் என் முதுகில். மண்டபத்தில் சுவர் தெரியாத அளவுக்குக் கதவுகள். ஒன்றில் கோடாலி வெட்டு: அந்தக் காலத்தில் கடற்படைக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்க வந்தவர்கள் போட்டது. இன்னொன்றில் எந்தக் காலத்திலோ ஒரு குழந்தை கீறிய மூன்று பாய்மரக் கப்பல். நான் ஒவ்வொரு கதவாகத் தொட்டு, அது நின்ற தெருவைச் சொன்னேன். கடைசிக் கதவு வரை நிறுத்தவில்லை.

அதிகாரி கேட்டார்: "கைக்குழந்தைங்கள வெச்சுக்கிட்டு, கதவில்லாத வீட்லயா இருக்கப் போறீங்க?"

"சுவரில்லாத ஊர்லயே இருக்கோம், ஐயா. கதவு என்ன பெரிய கதவு!" என்றாள் டோரா.

எட்வின், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதால் உன் அப்பா செத்தார். அவர் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் நானும் ஜூடித்தும் மாடி ஏறினோம். "ஏறும்மா, திரும்பிப் பாக்காத!" என்று என்னைத்தான் அதட்டினார். துறைமுகத்தில் படகைக் கட்டிக்கொண்டிருந்த உனக்கு அது கேட்டிருக்காது. அது உன் குற்றமில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. இனி என்னை வெளியூர்க்காரி என்று சொல்லாதே.

மே முதல் தேதிக்கு நான் வர மாட்டேன்.

மியூரியல்

ஹேல்மவுத்,
2 ஜூலை

அன்புள்ள எட்வின்,

மே போய், ஜூனும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

தீர்ப்பு வந்துவிட்டது. சுவர் கட்டுகிறார்கள், ஆனால் நம் தெருவுக்கு உள்பக்கமாக. நான்காவது மீன் தெரு கடலுக்கு. ஐந்தாவது, தேவாலய மேட்டில். மர வீடுகள்தான், அங்கே தண்ணீர் ஏறாது. ஜூடித் கடலுக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்றுதானே நீயும் கேட்டாய்?

11-ஆம் தேதி, சனிக்கிழமை, கதவு மாட்டுகிறோம். பிடிக்க இரண்டு பேர் வேண்டும். மதிய ரயிலில் நீ வந்தால் மறுபக்கம் உனக்கு. வராவிட்டால் ரெஜிக்கு.

மியூரியல்

மீன் தெரு, 11,
ஹேல்மவுத்,
12 ஜூலை

எட்வின்,

ரயில் வந்து போன பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பிறகு ரெஜி பிடித்தான்.

புது நிலை உயரம். மேலே பலகை அடித்துக் குறைத்தோம். பழையபடி தலை இடிக்கிறது. தரை சரிவாக இருப்பதால் கீழே ஒரு பக்கம் இடைவெளி விழுந்து, காற்று நேராகத் தொட்டிலுக்கு வந்தது. உன் கோட்டைச் சுருட்டி அங்கே அடைத்துவிட்டேன். நல்ல கனமான துணி. நேற்று ஜூடித்தின் மூச்சைப் பார்க்க ஒரே ஒரு தடவைதான் எழுந்தேன்.

கோட் வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள். அந்த இடைவெளிக்கு ஒரு பலகையும் அறுத்துக்கொண்டு வா.

குனிந்து வா.

மியூரியல்