ஸ்டாப் லாஸ் சொல்லாமல் விட்ட பாடம்

ஏங்க,

சாப்பாடு மேசையில மூடி வச்சிருக்கேன். சாவி செருப்பு ஸ்டாண்டுல இருக்கு.

மாடி வீட்டு டீச்சர் நாலு மணிக்கு உங்ககிட்ட பங்குச்சந்தை பாடம் கத்துக்க வருவாங்கல்ல. பிஸ்கட் டப்பா மேல் தட்டுல இருக்கு, எடுத்துக் கொடுங்க. நான் ஒண்ணும் பூட்டி வைக்கல.

ரெண்டு வருஷம் முன்னாடி ஷார்ட் செல்லிங்னா என்னன்னு நான் கேட்டப்போ, "உனக்கெதுக்கு அதெல்லாம்"னு சொன்னீங்க. நேத்து அவங்களுக்குப் படமே போட்டு விளக்கினீங்க. சமையலறையில இருந்து நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். கையில இல்லாத பங்கைக் கடன் வாங்கி முதல்ல விக்கணும், விலை இறங்கினதும் வாங்கித் திருப்பிக் கொடுக்கணும், நடுவுல நிக்கிறது லாபம். எனக்கும் புரிஞ்சுது.

ஆனா இறங்காம ஏறிட்டா? காசு கொடுத்து வாங்கின பங்கு விழுந்தா போட்ட பணத்தோட போச்சு. ஷார்ட் பண்ணினது ஏறினா நஷ்டத்துக்கு எல்லையே கிடையாது. அதனால ஒரு விலையைத் தாண்டினா தானா வாங்கி முடிச்சுடற மாதிரி ஸ்டாப் லாஸ் போடணும். உங்க நோட்டுலயே எழுதியிருக்கு, பாத்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தீங்க. அவங்க எதுக்கோ சிரிச்சாங்க, நீங்களும் சிரிச்சுட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டீங்க.

இன்னைக்கு முதல்ல அதைச் சொல்லிடுங்க. பாவம், அவங்க பணம்.

தாள்ல இடம் இல்ல, ஓரத்துல எழுதறேன். நீங்க சொல்ல வேண்டாம். நானே மூணரைக்கு வந்துடறேன், எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைங்க.

அப்புறம், பாடத்துக்குன்னு போடற அந்த நீலச் சட்டையைத் தேடாதீங்க. ஊற வச்சுட்டேன்.