நான் சேர்த்து எழுதிய பெயர்

அண்ணே,

இன்று காலை காந்தி மார்க்கெட்டில் பூவன் வாழைத்தார் இறக்கும்போது காம்பிலிருந்து பால் வடிந்து சட்டையில் ஒட்டியது. அந்த வாடை பட்டதும் தாரை அப்படியே கீழே வைத்தேன். அன்றும் இதே வாடைதான். தார் இறக்கும் இடத்துக்காக உன்னோடு மல்லுக்கு நின்ற பக்கத்துக் கடைக்காரன், சீப்பு அரியும் கத்தியால் உன் கழுத்தில் வெட்டினான். இரண்டு வெட்டு. மூன்றாவது விழுமுன் அவன் தம்பியே ஓடிவந்து கத்தியைப் பிடுங்கினான். அந்தத் தம்பியும் நானும்தான் உன்னை லோடு ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாலக்கரை தாண்டுவதற்குள் நீ போய்விட்டாய்.

ஸ்டேஷனில் மாமா என் காதோரம் குனிந்தார்.

"தம்பிக்காரன் பேரையும் சேர்த்து எழுதுடா. அந்தக் குடும்பமே நாசமாப் போகணும்."

எனக்கும் அதே வெறிதான். இருவரும் வெட்டினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னைத் தூக்கியதில் அவன் சட்டையெல்லாம் உன் ரத்தம். போலீஸுக்கு வேறென்ன வேண்டும்? மூன்று மாதம் சிறையில் கிடந்தான். கிடக்கட்டும் என்றிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது நீ சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? மார்க்கெட்டில் ஒருவன் மண்டையை நான் உடைத்துவிட்டு வந்த வாரம் அது.

"ஒருத்தனை வெறுத்தாலே அவனைக் கொன்ன மாதிரிதான்டா. பைபிள்ல அப்படித்தான் இருக்கு."

அப்படிப் பார்த்தால் பாதி மார்க்கெட்டை நான் கொன்றாயிற்று என்று கிண்டலடித்தேன். நீ சிரிக்கவில்லை. பழிவாங்குவது ஆண்டவர் வேலை, உண்மையைச் சொல்வதுதான் நம் வேலை என்றாய். உன் பிரசங்கம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கோர்ட்டில் சாட்சி சொல்லும் நாளன்று, வாக்குமூலத்தை மாற்றினால் கேஸே உடைந்து இருவரும் வெளியே வந்துவிடுவார்கள் என்று வக்கீல் எச்சரித்தார். கூண்டில் ஏறினேன். எதிரே அந்தத் தம்பி நின்றான். உன் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு வந்தவன்.

"இவர் வெட்டலைங்க ஐயா. எங்கண்ணனைத் தூக்குனவர். வெறுப்புல பேரைச் சேர்த்துட்டேன்" என்றேன்.

மாமா எழுந்து வெளியே போனார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நல்லவேளை, கேஸ் உடையவில்லை. வெட்டியவனுக்கு ஆயுள், தம்பிக்கு விடுதலை.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே, அண்ணே. உன்னை வெட்டியவனை மனதுக்குள் தினமும் வெட்டுகிறேன். ஜெபத்தில் கண்ணை மூடினாலும் கத்தி என் கையில்தான் இருக்கிறது. அவன் தம்பி எதிரே வரும்போது மட்டும் அதைக் கீழே போட முடிகிறது.