பிரேக்கை மறக்கிற வாரம்

நவ. 8, சனி

காலையிலிருந்து மூட்டம். மழை வருமா வராதா என்று மழைக்கே தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான்.

ஜெர்மனியிலிருந்து மெயில். நர்ஸ் வேலை உறுதி. ஆனால் ஆஸ்பத்திரியில் இல்லை. வயதானவர்களின் வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, கட்டு மாற்ற வேண்டும். கார் தருவார்கள். பனியில் ஓட்டத் தெரியுமா என்று அடுத்த சனிக்குள் பதில் வேண்டும். தெரியும் என்றால் டிசம்பரில் டிக்கெட். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

பனிக்கு நான் எங்கே போக? மார்கழியிலும் ஃபேன் நிறுத்தாத ஊர் தூத்துக்குடி.

செ.யிடம் காட்டினேன். (வீட்டுக்காரர் பெயரை முழுசாக எழுதினால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார் அம்மா. நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எதற்கு வம்பு.) துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர்.

"வண்டி வழுக்குறதுதான? நான் சொல்லித் தாரேன்."

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

நவ. 9, ஞாயிறு

வாங்க: சோப்புத்தூள் பெரிய பாக்கெட். கம்பளி சாக்ஸ் (இங்கே யார் விற்கிறார்கள்?). பாப்பாவுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்.

செ.க்குத் தெரிந்த உப்பு குடோன். மழைக்காலம், வேலை இல்லை, சிமெண்ட் களம் காலி. சோப்புத்தூளைக் கொட்டித் தண்ணீர் அடித்தார். எங்கள் பழைய கார். வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு ஒரே வேடிக்கை.

"ஏலே, காரக் குளிப்பாட்டணும்னா மேல ஊத்துவாவ. நீ கீழ ஊத்துத?"

செ. என் பக்கத்து சீட்டில். "பின்பக்கம் எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கமே திருப்பு. பிரேக்கத் தொடாத. பிரேக்குன்னு ஒண்ணு இருக்கதயே மறந்துரு."

இடது பக்கம் இழுத்தால் இடது பக்கமேயா? விழுகிற பக்கமே சாய்வதில் என்ன நியாயம்? யோசிப்பதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் பம்பரம் மாதிரி சுற்றி, குடோனைப் பார்த்து நின்றது. அண்ணாச்சி கை தட்டினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

நவ. 11, செவ்வாய்

டூட்டி முடிந்து வீடியோ பார்த்தேன். ஜெர்மன்காரம்மா சொல்கிறாள்: ஏபிஎஸ் (சக்கரம் இறுகி வழுக்காமல் பிரேக்கே பார்த்துக்கொள்ளுமாம்) உள்ள காரை அவசரத்துக்கு நிறுத்த வேண்டுமா, பிரேக்கை முழுசாக மிதி, விடாதே. செ. தொடவே கூடாது என்கிறார். எங்கள் காரில் ஏபிஎஸ் இல்லை. அங்கே தரப்போகிற காரில் உண்டு. அப்போது இங்கே மறக்கிறதை அங்கே போய் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டுமா? இதில் ஸ்டியரிங் வேறு இடது பக்கமாம். தலை சுற்றுகிறது.

இன்னொரு கூத்து. வழுக்காமல் இருக்க அங்கே ரோட்டில் உப்பு தூவுகிறார்களாம். செ. நம்பவே இல்லை. "உப்பக் கொட்டுனா வழுக்கத்தானளா செய்யும்?" இங்கே லாரி சிந்தின உப்பில் ஒரு தூறல் விழுந்தால் பைக்காரர்கள் வரிசையாக விழுவார்கள். உப்பு ஐஸை உருக்கும் என்று விளக்கினேன். எனக்கே பாதிதான் புரிந்தது.

பாப்பா, நாலாம் வகுப்பு, கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"நீ சரியா ஓட்டலன்னா போக வேண்டாமாம்மா?"

"ஆமா."

"அப்ப சரியா ஓட்டாத."

பீன்ஸ் பொரியல் கருகிவிட்டது.

நவ. 13, வியாழன்

மழை, விட்டு விட்டு. களத்தில் பரவாயில்லை. சில தடவை வண்டி சொன்னபடி கேட்டது.

இன்றைய பாடம்: மோதப் போகிற இடத்தைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால்தானே பார்ப்பதற்கு? எனக்குப் போக ஆசை. அவ்வளவு படித்து, அந்த மொழியையும் படித்து. பயமாகவும் இருக்கிறது. பாப்பா தூங்கும்போது பார்த்தால் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றுகிறது.

"நான் போகட்டா?" என்று நேராகவே கேட்டேன்.

"கிளட்ச லேசா விடு" என்றார் செ.

நவ. 15, சனி

மெயில் அனுப்பியாச்சு. தெரியும் என்று.

முருகனிடம் கேட்டுவிட்டுப் பதில் போடலாம் என்றுதான் காலையில் திருச்செந்தூர் கிளம்பினோம். பாப்பாவை மில்லர்புரத்தில் அம்மா வீட்டில் விட்டாயிற்று. நான்தான் ஓட்டினேன். முத்தையாபுரம் தாண்டியதும் தூறல். ஒரு வளைவில் எந்த லாரியோ உப்பைச் சிந்திவிட்டுப் போயிருந்தது. ரோடெல்லாம் கூழ். கவனிப்பதற்குள் பின்பக்கம் வலது பக்கமாக இழுத்தது. எதிரே பஸ்.

"மிதி! பிரேக்க மிதி ஏளா! மிதி!"

வாரம் முழுக்கத் தொடாதே என்றவர்.

நான் மிதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வலது பக்கமே லேசாகத் திருப்பினேன், பஸ் வருகிற பக்கமேதான். பஸ்ஸைப் பார்க்கவில்லை. இடது ஓரத்து வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்தேன். கார் ஒரு ஆட்டம் ஆடி நேரானது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டது.

ஓரம் கட்டினேன். இன்ஜினை அணைத்தேன். செ. முகம் வேர்த்திருந்தது.

"நீ போயிருவ ஏளா" என்றார்.

குனிந்து பார்த்தேன். அவர் வலது கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"கால எடுங்க" என்றேன். "அங்க பிரேக் இல்ல."