என் மனைவியின் மணிக்கட்டுக்காக

மார்ச் 3

கைக்கடிகார விமர்சகி அம்மையாருக்கு,

நலமா என்று கேட்டால், 'இப்போதாவது கேட்கத் தோன்றியதே' என்று எழுதுவாய். ஆகவே கேட்கவில்லை.

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. கோபித்துக்கொண்டு போனவள் தானாக வருவாள் என்று இருந்துவிட்டேன். இந்தக் கடிதம்கூட முதலாளி சொல்லித்தான். பெட்டியில் இருப்பது இரண்டு வருடம் நான் மண்டையை உடைத்துக்கொண்டு வடிவமைத்த குரோனோகிராஃப் கைக்கடிகாரம். பொத்தானை அழுத்தினால் நொடியில் எட்டில் ஒரு பங்குவரை நேரத்தை அளக்கும். உன் பத்திரிகைப் பக்கத்தில் நாலு நல்ல வார்த்தை வந்தால்தான் கடைக்காரர்கள் தொடுவார்களாம். விளம்பரக் கையேட்டின் முதல் வரியைப் பார்: 'என் மனைவியின் மணிக்கட்டுக்காக வடிவமைத்தேன்.' இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்?

இருபதாம் தேதி அறிமுக விழா. இதைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நில். அப்படியே வீட்டுக்கும் வந்து சேர்.

உன் கணவன்

மார்ச் 8

வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

நாலு நாள் கட்டிப் பார்த்தேன். முதலில் பாராட்டிவிடுகிறேன், திட்டிய பிறகு மனசு வராது. டயலின் கரும்பச்சை அருமை. உள்ளே மூன்று சின்ன வட்டங்கள் இருந்தும் நெரிசல் இல்லை. கனம் இருக்கிறது, உறுத்தவில்லை. அக்கா இரண்டு முறை பறித்துக்கொள்ளப் பார்த்தாள்.

இனி மற்றது. நான் இடதுகைக்காரி. கடிகாரத்தை வலது கையில்தான் கட்டுவேன். அங்கே கட்டினால் உங்கள் பொத்தான்கள் முழங்கைப் பக்கம் திரும்பிவிடுகின்றன. முட்டை வேகும் நேரத்தை அளக்கலாம் என்று அழுத்தப் போனால், என் விரல்களே டயலை மறைக்கின்றன. பதினோரு வருடம் காய் நறுக்கியதும் உங்கள் சட்டைக்குப் பொத்தான் தைத்ததும் எந்தக் கை என்று பார்த்ததே இல்லையா?

இந்தக் கடிகாரத்துக்கு அளவெடுக்க நூலோடு வந்தீர்கள். நான் வலது கையை நீட்டினேன். "இது இல்லம்மா, அந்தக் கையக் குடு" என்று சொன்னீர்கள். கொடுத்தேன். அந்த வீட்டில் எனக்கு எல்லாமே அப்படித்தான் நடந்தது. அதனால்தான் கிளம்பினேன்.

பொத்தான்களை இடது பக்கம் மாற்றி ஒரே ஒரு கடிகாரம் செய்யுங்கள். விழாவுக்கு வருகிறேன், வீட்டுக்கும் வருகிறேன். இல்லையென்றால் அந்த முதல் வரி பொய் என்று அச்சில் எழுதுவேன்.

விமர்சகி

மார்ச் 12

மகராசியே,

பழிதீர்க்க இதுதான் கிடைத்ததா? நீ எழுதுவது வலது கையால்தானே! கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன். ஒன்றே ஒன்றுக்காக உள்ளே இருப்பதையெல்லாம் திருப்பிப் போடச் சொன்னால் பட்டறையில் சிரிப்பார்கள். ஒரு மணி நேரம் இடது கையில் கட்டிக்கொண்டு நின்றால் குடியா முழுகிவிடும்? நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்காதே.

கணவன்

மார்ச் 14

எழுதுவது மட்டும்தான் வலது கை. பள்ளியில் விரல் முட்டியில் அடித்து மாற்றினார்கள். கல்யாணமான முதல் வாரமே சொன்னேன். "அடப் பாவமே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினீர்கள்.

பட்டறையில் சிரிக்கட்டும். நான் கேட்டது ஒரே ஒரு கடிகாரம். அதைச் செய்வீர்களா என்று இன்னும் எதிர்பார்க்கிறேன், என்னைத்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 17

முதலாளியிடம் பேசிவிட்டேன், தலைவலி தீர்ந்தது. கையேட்டில் அந்த வரியை எடுத்தாயிற்று. 'நேரத்தின் அருமை அறிந்தவர்களுக்காக' என்று போட்டிருக்கிறோம். கடிகாரத்தில் மாற்றம் இல்லை. பொய் என்று எழுத இனி உனக்கு ஒன்றுமில்லையே! இருபதாம் தேதி எத்தனை மணிக்கு வண்டி அனுப்பட்டும்?

கணவன்

மார்ச் 19

வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

புதுக் கையேடு கிடைத்தது. இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது, எது சுலபமோ அதை மாற்றியிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்னதும் சரிதான், இப்போது அதில் பொய் இல்லை. யாரோ வலதுகைக்காரர்களுக்காக நன்றாகச் செய்த கடிகாரம். அழகு, துல்லியம், உழைப்பு எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் கொடுத்து, தாராளமாக வாங்கலாம் என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இனி உங்கள் முதலாளி நிம்மதியாகத் தூங்கலாம்.

வண்டி அனுப்ப வேண்டாம். இருபதாம் தேதி வரமாட்டேன். அதற்குப் பிறகும் வரமாட்டேன்.

விமர்சகி