புரட்டாத பக்கம்

ரீச்சர்,

இன்று காலை கடையில் அலுமாரியை நகர்த்தினேன். பின்னால் ஒரு மட்டை விழுந்து கிடந்தது. கருவாட்டுப் பெட்டியை வெட்டி, பசை பூசி, தலைமன்னார் மணலைத் தூவி நீங்கள் செய்த ‘க’. பாதி மணல் உதிர்ந்துவிட்டது. விரலை வைத்தால் இன்னும் நெருடுகிறது.

இதை நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. எனக்கு எழுத்து ஒழுங்காக ஓடாது என்பது வீட்டுக்கு வெளியே உங்களுக்கு மட்டும்தான் தெரியும். என் மகளுக்கு எழுத்துப் பழக்க எருக்கலம்பிட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த முதல் சனிக்கிழமையே என்னிடம் ஒரு தாளை நீட்டினீர்கள்.

“அண்ணன், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

“கண்ணாடி வீட்டில கிடக்கு ரீச்சர்.”

“உங்கட சட்டைப் பையில கிடக்கிறது ஆரின்ட கண்ணாடி?”

எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. “பிள்ளைக்கு இந்த எழுத்துத் தடுமாற்றம் எங்கயிருந்து வந்தது எண்டு விளங்குது. வெட்கப்பட ஒண்டும் இல்லை” என்றீர்கள். நான் வெட்கப்பட்டேதான் வளர்ந்தவன். கருவாட்டுச் சாக்குகளில் ஊர்ப் பெயர் எழுதத் தெரியாமல் குறி போட்டேன். தம்புள்ளைக்குப் போவதில் பனை, கண்டிக்குப் போவதில் வட்டம், கொழும்புக்கு நங்கூரம். அதை வைத்தே முன்னேறியும் விட்டேன். ஆரும் பிடிக்கவில்லை. பிடிபடாமல் இருப்பதுதான் கெட்டித்தனம் என்று நம்பியிருந்தேன்.

என் மகள் ஜெசிந்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பில் மொக்குப் பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தாள். நீங்கள் அவளின் விரலைப் பிடித்து மணல் எழுத்தின் மேல் நடத்தினீர்கள். கண் ஏமாத்தினாலும் கை ஞாபகம் வைக்கும் என்பீர்கள். எட்டு மாதம் சென்று, கரையில் ஏற்றி வைத்த வள்ளமொன்றில் ‘மரியா’ என்று அவளே கூட்டி வாசித்துவிட்டு, செருப்பையும் விட்டுவிட்டு ஓடி வந்தாள். “அப்பா, அது மரியா! நானே வாசிச்சனான்!” அந்தக் குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்த வருசம் எங்கள் தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த பிள்ளைகளில் ஒருத்தி திருவிழாப் பூசையில் வேதாகம வாசகம் வாசிக்க வேண்டும். சீட்டுக் குலுக்கினார்கள். இவளின் பெயர் விழுந்தது. “ஃபாதரிட்டச் சொல்லிப் போடுங்கோ அண்ணன், அடுத்த வருசம் வாசிப்பாள்” என்றீர்கள். ஓம் என்றேன். சொல்லவில்லை. என் மனிசியை வாசிக்கச் சொல்லி போனில் பதிந்து, பிள்ளைக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன். பத்து நாளில் முழுதும் பாடமாகிவிட்டது.

கோயிலில் ஒரு சொல் தடக்கவில்லை. சனம் என் கையைப் பிடித்துக் குலுக்கியது. வீட்டுக்கு வரும் வழியில் அவள் மெல்ல, “அப்பா, நான் வாசிக்கேல்லையே” என்றாள். “உஷ்! ஊருக்குத் தெரியுமே?” என்றேன்.

பெருமையில் உங்களுக்கும் வீடியோ அனுப்பினேன். மறுநாளே வந்து கதிரையில் இருக்காமல் நின்றபடி கேட்டீர்கள்: “வாசகம் ரெண்டு பக்கம். பிள்ளை பக்கத்தைப் புரட்டவே இல்லை. பார்த்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. கோயில் நிறைந்த சனத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

“முதல்ல இருந்து தொடங்குவம் அண்ணன். இப்ப விட்டால் ஒளிக்கத்தான் பழகுவாள்.”

அப்போது நான் சொன்னதை இன்றுவரை ஆரிடமும் சொல்லவில்லை. பிள்ளை வாசித்துவிட்டாள் என்று ஊரே நம்பிய பிறகும் உங்கள் ஸ்கூட்டர் என் படலை வாசலில் நின்றால் ஏன் என்று சனம் கேட்கும். ஆகையால், “இனித் தேவையில்லை ரீச்சர்” என்றேன். நீங்கள் மட்டைகளை எடுத்துப் போகவில்லை. பிள்ளைக்கு என்று மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

இரண்டு வருசம் கழித்து, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அவள் படுத்த பிறகுதான் உங்களுக்குப் போன் எடுத்தேன். கொழும்பில் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். குரல் நூலாகிக் கிடந்தது. என்னை ஒரு சொல் ஏசவில்லை. “வந்த உடன தொடங்குவம். மட்டையள் கிடக்குத்தானே?” என்று கேட்டீர்கள். கிடக்கு என்றேன். அதுவும் பொய். மனிசி என்றோ அடுப்பில் போட்டிருந்தாள். மூன்று கிழமை கழித்து, நீங்கள் மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. உங்களுக்குப் பிறகு இந்தப் பக்கம் அப்படி ஒருவரும் வரவில்லை. நானும் விசாரிக்காத இடமில்லை.

தப்பிக் கிடந்த இந்த ஒன்றை இன்று ஜெசிந்தாவிடம் நீட்டினேன். பதினைந்து வயதுப் பெண். தொடவில்லை. “எறியுங்கோ அப்பா. ஆரும் கண்டால்?” என்றாள். பிறகு சாக்குகளில் பனையும் நங்கூரமும் கீறப் போய்விட்டாள். என்னைவிட வடிவாகக் கீறுவாள்.

பத்து மணிக்குத் தம்புள்ளை லொறிக்காரன் வந்து, “தங்கச்சி, இதில என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ” என்று ஒரு துண்டை நீட்டினான்.

“கண்ணாடி வீட்டில கிடக்கு அண்ணன்” என்றாள், கண்ணிமைக்காமல்.

அவளுக்குக் கண்ணாடியே இல்லை, ரீச்சர்.

மட்டையை என் சட்டைப் பையில் கண்ணாடியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். குனியும்போதெல்லாம் கொஞ்சம் மணல் கொட்டுகிறது.